வேப்பங்கொட்டைக் குண்டு

சத்தியம் தம்பி, சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய் என்றாலும், அதோ பாரா நிற்கிறாரே, அந்தப் போலீஸ்காரர் வந்து இந்த இடத்திலேயே எனக்கு விலங்கு மாட்டட்டும். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எவனாவது பொய் சொல்வானா? எங்கள் குலசாமி மேல் சத்தியம். என் கண் ரெண்டின் மேல் சத்தியம். ஒரு கண் சரியாகத் தெரியவில்லை, அதனால் இன்னொரு கண் மேல் ரெண்டு தடவை சத்தியம். போதுமா?

நீங்கள் பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். நான் துப்பாக்கி ஒப்படைக்க வந்திருக்கிறேன். தள்ளி உட்கார வேண்டாம் தம்பி, ஒன்றும் செய்யமாட்டேன். தேர்தல் அறிவித்துவிட்டார்கள் அல்லவா? லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவன் எல்லாம் ஓட்டு எண்ணி முடிக்கும்வரை அதை ஸ்டேஷனில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். காட்டு மிருகத்தைச் சுடக் கூடாது என்று சட்டம் வந்த நாளிலிருந்து என் துப்பாக்கிக்கு இது ஒன்றுதான் வேலை. தேர்தலுக்குத் தேர்தல் பஸ் ஏறி வந்துவிட்டுப் போகும். என்னைவிட அதற்கு அரசியல் நன்றாகத் தெரியும்.

உள்ளே மேஜைக்கு முன்னால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் நிற்கிறான், தெரிகிறதா? இடது காலைச் சாய்த்து நிற்கிறானே, அவன்தான். காசிமாயன். என் சகலை. என் மனைவியின் தங்கச்சியைக் கட்டியவன். எனக்குக் கை நடுங்குகிறது என்று அவன்தான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். நானா கூப்பிட்டேன்? வருகிறான். கூப்பிடாமல் வந்து உதவுகிற அந்தக் குணம்தான் எனக்கு ஆகாது. மெல்லப் பேசுவோம். அவனுக்கு இந்த வயதிலும் காது கேட்கிறது. அதிலும் என்னைவிட அவனுக்கு ஒரு பங்கு கூடுதல்.

எங்கள் மாமனார் பெத்தணனுக்கு மந்திச்சுனையில் ஏலத்தோட்டம். கம்பத்துக்கு மேற்கே மலைச்சரிவில் இருக்கிறது மந்திச்சுனை. ஏலம் போக மிச்ச இடத்தில் மொச்சையும் கிழங்கும் போடுவார். போடுவது அவர், தின்பது பன்றி. அதனால் பயிர்காக்க என்று அந்தக் காலத்தில் சர்க்காரே அவருக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தது. ஆண்பிள்ளை கிடையாது. ரெண்டு பெண்கள். மூத்தவள் சிவனம்மா என் வீட்டுக்காரி. மாமாவுக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு துப்பாக்கியைத் தூக்கியது யார்? மூத்த மாப்பிள்ளை ஒச்சப்பன். அதாவது நான்.

அந்தத் துப்பாக்கியின் வாய்க்குள் என் சுண்டுவிரல் தாராளமாகப் போய்வரும். குண்டு கொட்டைப்பாக்கு அளவு, முழுக்க ஈயம். சோம்பேறிக் குண்டு. குழலை விட்டு வெளியே வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் புறப்படும். ஆனால் பக்கத்தில் எதன்மேல் பட்டாலும் அது படுத்துவிடும். ஒருமுறை பன்றியைச் சுட்டேன். அதற்குப் பின்னால் நின்ற பன்றியும் விழுந்தது. அதற்கும் பின்னால் நின்ற பாறை சாயங்காலம்வரை ஆடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கம் வேட்டைக் கறியை இலை போட்டுக் கூறு வைப்போம். நாய் கொண்டுவந்தவனுக்கு ஒரு கூறு, தப்படித்தவனுக்கு ஒரு கூறு, சும்மா கூட நின்று கத்தியவனுக்கும் ஒரு கூறு. கூறில் சேராதது ஈரல் ஒன்றுதான். எவன் குண்டில் மிருகம் விழுந்ததோ, ஈரல் அவனுக்கு. மாமியார் மிளகு தட்டிப் போட்டு வறுத்து, மாமாவுக்குக்கூட வைக்காமல் முதலில் அவன் இலையில் வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஈரலைத் தின்றது நான். நான் மட்டும்தான்.

அப்போதுதான் சின்னவள் பேச்சியைக் கட்டிக்கொண்டு இவன் வந்து சேர்ந்தான். பட்டாளத்திலிருந்து விலகி வந்தவன். நிமிர்ந்த நடை, வாராத தலையிலும் வகிடு. மேல் எஸ்டேட் துரை சீமைக்குத் திரும்பும்போது இவனிடம் ஒரு துப்பாக்கியை விட்டுவிட்டுப் போயிருந்தார். மெல்லிசுத் துப்பாக்கி. அதன் குண்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேப்பங்கொட்டை தம்பி! வேப்பங்கொட்டை அளவுதான். மேலே கடுதாசிக் கனத்துக்கு ஒரு செம்புத் தகடு.

"இத வச்சு என்னத்தய்யா சுடுவ, கொசுவையா?" என்றேன்.

"குண்டு சின்னதுதாண்ணே. ஆனா வேகம் ஜாஸ்தி," என்றான்.

அந்த வாரமே ஒரு மிளா மான் மொச்சைக்காட்டில் இறங்கியது. ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று மேய்கிறது. என் துப்பாக்கிக்கு எட்டாத தூரம். நூற்றைம்பது கெஜத்துக்குக் குறையாது. இவன் களத்தில் உட்கார்ந்தவாக்கில் ஒரு கல்மேல் துப்பாக்கியைச் சாய்த்தான். சுட்டான். சத்தம் போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே மிளா செத்துவிட்டது தம்பி. செத்த பிறகுதான் சத்தம் கேட்டு அதன் காது திரும்பியது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அது போகட்டும். என் மனைவி சிவனம்மா வாசலில் முறத்தோடு நின்றவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அடேயப்பா!" என்றாள். கேளுங்கள் தம்பி. இத்தனை வருஷத்தில் நான் எத்தனை பன்றி போட்டிருப்பேன்! "கறிய எறும்பு மொய்க்குது, தூக்கி உள்ள வைங்க" என்பாளே தவிர, எனக்கு ஒரு "அடேயப்பா" சொன்னது கிடையாது.

அன்றைக்கு ஈரல் அவன் இலைக்குப் போனது. அவன் அதில் பாதியைப் பிய்த்து என் இலையில் வைத்தான். "அண்ணே, நீங்க சாப்பிட்டாத்தான் எனக்கு இறங்கும்." என்ன திமிர் பார்த்தீர்களா! நான் தின்னவில்லை. சரி, ஒரு துண்டு தின்றேன். மிளகு நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எங்கே திரும்பினாலும் அந்த வேப்பங்கொட்டைப் புராணம்தான். மாமா ஒருநாள் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்:

"எனக்குக் கண்ணு போச்சு. வர்ற மாசிப் பாரிவேட்டையில எந்த மாப்ள குண்டுல பன்னி விழுகுதோ, அந்த மாப்ள பேருக்கு லைசென்ஸ மாத்தி எந் துப்பாக்கியக் குடுத்துருவேன். அப்புறம் யாரும் எங்கிட்ட மொகத்தத் தூக்கக் கூடாது."

பாரிவேட்டை என்றால் மாசி மாதம் ஊரே சேர்ந்து காட்டுக்குப் போகிற சாமி வேட்டை. அந்தத் துப்பாக்கி எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் அந்த வீட்டில் மாமாவுக்கு அடுத்தபடி. இவனிடம்தான் சொந்தமாக ஒன்று இருக்கிறதே! இதுவும் போனால் நான் அந்த வீட்டில் யார்? விருந்துக்கு வந்து போகிற ஆள்.

இந்த வேப்பங்கொட்டைக்கு எங்கே பலவீனம் என்று கண்டுபிடித்தாக வேண்டும். "வாய்யா, உன் குண்டுக்கு ஒரு பரீட்சை வைப்போம்," என்றேன். மூன்று பலாப்பழம் பறித்தோம். முதல் பழத்தை வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டம் இருக்கும் தூரத்தில் வைத்தோம். ரெண்டாவதை, மிளா விழுந்த தூரத்தில். மூன்றாவதை ஓடை தாண்டி, பள்ளம் தாண்டி, எதிர்மலையின் பாறைமேல், முந்நூறு கெஜத்துக்கும் அப்பால். ஊரே வந்து கூடிவிட்டது.

கிட்டத்துப் பழத்தைச் சுட்டான். படார் என்று தோல் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்தது. ஓடிப்போய் உள்ளே பார்த்தால் நாலு விரல் ஆழத்துக்குமேல் ஒன்றும் ஆகவில்லை. சுளை எல்லாம் வைத்தது வைத்தபடி. குண்டு மேல்தோலிலேயே தூள் தூளாக உதிர்ந்து கிடக்கிறது. நடுத்தூரத்துப் பழத்தைச் சுட்டான். பழம் இருந்த இடத்தில் பழம் இல்லை தம்பி. சுளைகள் பக்கத்துத் தோட்டத்தில் போய் விழுந்தன. தூரத்துப் பழத்துக்கு முதல் குண்டைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விட்டது. அந்நேரம் குறுக்கே ஒரு மைனா பறந்தது, அதன் இறக்கைக் காற்றே போதுமாயிருந்தது. ரெண்டாவது குண்டு பட்டது. போய்ப் பார்த்தால் முன்னால் ஒரு ஊசி ஓட்டை, பின்னால் ஒரு ஊசி ஓட்டை. பழத்துக்குத் தான் சுடப்பட்டதே தெரியாது.

மாமியார் இடுப்பில் கைவைத்து நின்றார். "பன்னியச் சுடச் சொன்னா, பழத்தச் சுட்டுட்டு நிக்கிறாங்க ரெண்டு மாப்ளையும். ஏண்டி சிவனு, நாளைக்குப் பூசணிக்கொடிப் பக்கம் விடாதடி இவுகள!"

காசிமாயன் சிரித்துக்கொண்டே எனக்கு விளக்கம் வேறு சொன்னான். "லேசான குண்டுண்ணே. கிட்டத்துல வேகம் தாங்காம தோலுலயே வெடிச்சுரும். கொஞ்சம் தூரம் போயி வேகம் அடங்குனாத்தான் உள்ள நொழஞ்சு விரியும். ரொம்பத் தூரம் போனா விரியறதுக்குத் தெம்பு இருக்காது. சும்மா தொளச்சுட்டுப் போயிரும். கிட்டத்துல உங்க துப்பாக்கிதாண்ணே ராசா."

நான் மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். கிட்டத்தில் அப்பளம். நடுவில் எமன். தூரத்தில் ஊசி. தன் பலவீனத்தைத் தன் வாயாலேயே ஒருவன் சொல்கிறான் என்றால் அவனுக்கு எவ்வளவு கர்வம் இருக்க வேண்டும்!

பாரிவேட்டை வந்தது. யார் எங்கே நிற்பது என்று சொல்கிற பொறுப்பு மூத்த மாப்பிள்ளைக்கு. ரெண்டு இடம். ஒன்று, ஓடை இடுக்கு. ரெண்டு பாறைக்கு நடுவே பன்றி நுழைந்து வரும். வந்தால் ஆளுக்கும் அதற்கும் நடுவே ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான் தூரம். இன்னொன்று, எதிர்மேட்டுப் பாறை. அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுக்கத் தெரியும். மிளா விழுந்த அளவுக்குத் தூரம்.

"நீ ஓடை இடுக்குல நில்லுய்யா," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணே, அது உங்க துப்பாக்கிக்கு உள்ள இடம். என் குண்டு அந்தத் தூரத்துக்கு..."

"பன்னி மொதல்ல வர்ற எடத்தப் பெரிய மனசு பண்ணி உனக்கு விட்டுக் குடுக்குறேன். வேண்டாங்கிற. பயமா?"

பக்கத்தில் ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள். பட்டாளத்துக்காரனிடம் பயமா என்று கேட்டால் என்ன செய்வான்? துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான்.

அப்புறம் மேட்டுப் பாறையில் நிற்பது யார்? நான்தான். வேறு யாரையாவது நிறுத்தி, காசிமாயன் அந்த ஆளோடு இடம் மாற்றிக்கொண்டால்? அந்தத் தூரத்துக்குப் போவதற்குள் என் கொட்டைப்பாக்குப் பள்ளத்தில் விழுந்துவிடாதா என்று கேட்கிறீர்கள். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. தம்பி, குறி பார்க்கத் தெரிந்தவனுக்குத் தூரம் ஒரு பொருட்டா?

கீழே தப்புச் சத்தம் கிளம்பியது. நாய்கள் குரைத்தன. வந்தது பாருங்கள் ஒரு பன்றி! கன்றுக்குட்டி உயரம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். ஆண் பன்றிக்குத் தோளில் ஒரு தட்டு வளரும் தம்பி. மரத்தில் உரசி, சேற்றில் புரண்டு, பிசின் ஏறி ஏறிக் கேடயம் மாதிரி ஆகிவிடும். அது நேரே ஓடை இடுக்கில் நுழைந்தது. காசிமாயன் சுட்டான். நான் நினைத்தபடியே அப்பளம்! தோளில் மயிரும் தூசியும் பறந்தது. பன்றி நிற்கவில்லை. அவனைத் தூக்கி ஒரு பக்கம் வீசிவிட்டுப் பள்ளத்தில் இறங்கி, என் பாறைக்கு எதிரே இருந்த சரிவில் ஏற ஆரம்பித்தது.

அடி ஒன்றும் பெரிதில்லை. தொடையில் ஒரு கீறல். சரி, எலும்பு தெரிந்தது என்றார்கள், நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை. அதிலிருந்துதான் இப்படிச் சாய்ந்து நடக்கிறான். அந்த நடை அவனுக்கு ஒரு எடுப்பாக இருக்கிறது என்று ஊரில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் முழங்காலில் வாயு உண்டு. எவளாவது எடுப்பு என்று சொன்னாளா?

பன்றி சரிவில் ஏறுகிறது. நான் பாறையில் நிற்கிறேன். கொட்டைப்பாக்கு இறங்கும் என்று எனக்குத் தெரியாதா? பன்றிக்கு மேலே வானத்தில் ஒரு பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பருந்தைக் குறி பார்த்தேன். சுட்டேன். குண்டு ஏறியது, ஏறியது, பருந்துக்கு வணக்கம் சொன்னது, திரும்பி இறங்கியது. அந்த நேரத்தில் நான் ஒரு தடவை தும்மினேன். இதற்குள் கீழே அவனும் மண்ணில் குப்புறப் படுத்தபடி இன்னொரு தடவை சுட்டிருக்கிறான். ரெண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்டது. பன்றி முன்னங்கால் மடிந்து, அப்படியே விழுந்தது.

அவன் படுத்திருந்த இடத்துக்கும் பன்றி விழுந்த இடத்துக்கும் அப்போது நூறு, நூற்றிருபது கெஜம் இருக்கும். இருந்தால் என்ன? நான் சொல்வது வேறு.

பன்றியைக் களத்தில் போட்டு அறுத்தார்கள். மாமாவுக்குக் கண் தெரியாது. விரலால்தான் பார்ப்பார். கையை உள்ளே விட்டுத் தடவினார். வெளியே எடுத்தால் உள்ளங்கை நிறைய ஈயமும் செம்பும் கேழ்வரகு மாதிரிப் பொடிப்பொடியாக இருக்கிறது.

"மாப்ள, கொட்டப்பாக்கக் காணோமே."

"வெளிய போயிருக்கும் மாமா. வேகம் அப்படி."

மறுபடியும் தோலைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "வெளிய போன ஓட்டையையும் காணோமே மாப்ள."

என் மனைவி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்படிக்கிறவன்கூடத் தப்பைக் கீழே வைத்துவிட்டான். எனக்கு வியர்த்தது. வெயில் தம்பி, மாசி வெயில்.

அப்போது தொடையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்க, இவன் நொண்டிக்கொண்டு வந்தான். வந்து என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவிடம் சொன்னான்:

"எங் குண்டு மொதல்லயே தோளுல பட்டு நொறுங்கிப்போச்சு மாமா. நீங்க தடவுறது அந்தத் தூளு. ரெண்டாவது நான் சுட்டது குறி தப்பிருச்சு. பன்னி விழுந்தது அண்ணன் சுட்டப்பத்தான். நாந்தான் பாத்தேனே."

"நெஞ்சுக்குள்ள இருந்து எடுத்தேன்யா இத," என்றார் மாமா.

"நெஞ்சுக்கும் தோளுக்கும் எவ்வளவு தூரம் மாமா? அண்ணன் குண்டுதான்."

மாமா புரை விழுந்த அந்தக் கண்ணை அவன் நின்ற திசைக்குத் திருப்பினார். பிறகு கையைக் கழுவினார். "சரி. ஒச்சப்பன் மாப்ளைக்கே குடுத்துருங்க," என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

துப்பாக்கி என் கைக்கு வந்தது. ஈரலும் என் இலைக்கு வந்தது. வந்து என்ன பிரயோசனம்? அன்றிலிருந்து ஊரில் என்ன பேச்சு தெரியுமா? "காசிமாயன் மாதிரி மனசு யாருக்கு வரும்!" பன்றியைச் சுட்டது நான், பேர் அவனுக்கு! தொடைக்காயம் ஆறும்வரை மாமியார் நாட்டுக்கோழி அடித்தார். என் மனைவி சிவனம்மா அந்த ரசத்தைத் தூக்குப்போணியில் ஊற்றி, நித்தமும் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோனாள். பன்றியைக் கொன்றவனுக்கு வீட்டில் என்ன? பழைய சோறும் மோர்மிளகாயும். கேட்டால், "உங்களுக்கென்ன, ராசா மாதிரி துப்பாக்கி இருக்கே, அதக் கடிச்சுக்கங்க," என்கிறாள். தடைச் சட்டம் வந்த வாரமே அவன் தன் மெல்லிசுத் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டான். அதற்கும் அவனுக்குத்தான் நல்ல பேர்.

இவனுக்குக் குண்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது தம்பி. பக்கத்தில் வாருங்கள்.

ரொம்ப வருஷம் கழித்து, பேச்சி வீட்டுக் கூரைக்கு உத்தரம் வேண்டுமென்று எதிர்ச்சரிவில் ஒரு சில்வர் ஓக் மரத்தை அறுத்தோம். நானும் அவனும்தான், வேறு ஆள் இல்லை. பன்றி விழுந்த இடத்துக்கு இன்னும் மேலே, கூப்பிடு தூரத்தில் இருந்த மரம். ரம்பம் பாதியில் கிறீச் என்று நின்றது. ஒரு பல் போய்விட்டது. கோடாரியால் பிளந்து பார்த்தான். உள்ளே இருந்து விழுந்தது பாருங்கள் ஒரு ஈயக் கட்டி. கொட்டைப்பாக்கு! கொஞ்சம் சப்பையாகி இருந்தது, அவ்வளவுதான்.

அவன் அதைக் குனிந்து எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். கீழே பன்றி விழுந்த இடத்தைப் பார்த்தான். அந்தப் பக்கம் நான் அன்றைக்கு நின்ற பாறையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"ஏதோ பழைய ஆணிண்ணே," என்று சொல்லி, பள்ளத்தில் தூர வீசி எறிந்துவிட்டு ரம்பத்தை எடுத்துக்கொண்டான்.

ஆணியாம் தம்பி! பட்டாளத்தில் இருந்தவன்! ஆணிக்கும் குண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை! கையில் வைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஆணி என்கிறான். இவனுக்குத்தான் ஊரில் பெரிய வேட்டைக்காரன் என்று பேர். நான் அன்றைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்தக் குண்டு அங்கே எப்படிப் போயிற்று என்கிறீர்களா? பன்றிக்குள் புகுந்து அதன் உயிரை எடுத்துக்கொண்டு, நுழைந்த வழியாகவே வெளியே வந்து, அப்புறமும் தெம்பு மிச்சம் இருந்ததால் சரிவு ஏறி மரத்துக்குள் போயிருக்கிறது. கனமான குண்டு அப்படித்தான் தம்பி. வேப்பங்கொட்டையா, உதிர்ந்து போவதற்கு?

அதோ, துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். பாருங்கள், அந்த ஏட்டு அவனுக்கு நாற்காலி போடச் சொல்கிறார். எனக்கு யாராவது போட்டார்களா? வந்து என்ன பேசினீர்கள் என்று கேட்பான். ஏலக்காய் விலை என்று சொல்லுங்கள். அது குண்டு என்று மட்டும் அவனிடம் வாய் விட்டுவிடாதீர்கள். விட்டாலும் ஒச்சப்பன் சொன்னான் என்று சொல்லிவிடாதீர்கள். பாவம், சாகும்வரை அவன் அதை ஆணி என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.